பிளசர் காரில் பட்டறையின் கையெழுத்து

காவிரிக் கரை ஊர்களில் பழைய தலைமுறைக்குக் கார் என்றால் பிளசர்தான். பஸ்ஸும் லாரியும் பிழைப்புக்காக ஓடின. வீட்டு வாசலில் நின்று, வீட்டுக்காரர் ஏறினால் மட்டும் கிளம்பிய வண்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேற்கே கும்பகோணம், கிழக்கே மயிலாடுதுறை, நடுவில் குத்தாலம் என்று நீளும் சாலையில் ஓடிய அந்தப் பிளசர்களைப் போன்ற பழைய வண்டிகள் இன்று வேறு கைகளுக்குப் போகின்றன. பழைய காரைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, எஞ்சினை இறக்கி, கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த கோலத்துக்குக் கொண்டுவருவது சென்னையிலும் கோவையிலும் பலருக்குத் தீராத ஆசை. காசையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் அதில் போடுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ‘ஒரிஜினல்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வேலை செய்யும்போது, அந்தக் கார் நம் மண்ணில் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் கழன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு பழைய காரின் சரித்திரம் அதைச் செய்த தொழிற்சாலையில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி, அதை மாற்றியமைத்து ஓடவைத்த பட்டறைகளில் இருக்கிறது. அந்த மறுபாதியையும் பாதுகாக்க வேண்டிய பொருளாக நாம் ஏற்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சட்டம் இப்போது இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவைக் கொண்டுவந்தது. வண்டிக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டுக்குச் செல்லும். புதிதாகப் பதிவதென்றால் எண் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பின் வி.ஏ. என்று வரும், ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. இதுவரை எல்லாம் நல்ல ஏற்பாடு. அரை நூற்றாண்டு வண்டி எடைக்குப் போவதை அது ஓரளவு தடுக்கும். சிக்கல் அடுத்த நிபந்தனையில் இருக்கிறது. வண்டி அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்திருந்தால் அது பெரும் மாற்றமாகக் கருதப்படும், அந்த வண்டிக்கு இந்தப் பெருமை கிடையாது. இதற்கு முன்பே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விளக்கம் சொல்லும்போது, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆக, டீசல் எஞ்சின் ஏற்றிய ஒரு பழைய பிளிமத் கார் சாலைச் சட்டத்தின்படி குற்றவாளி, பாரம்பரியச் சட்டத்தின்படி அந்நியன்.

அந்த பிளிமத்துக்கு டீசல் எஞ்சின் ஏன் ஏறியது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் பார்க்க வேண்டும். 1920களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸும், அதையடுத்து ஃபோர்டும் இந்தியாவில் உதிரி பாகங்களை இறக்கி வண்டியைக் கோத்து விற்கத் தொடங்கிவிட்டன. போருக்குப் பின் பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளைக் கோத்துத் தந்தது. நெல் விலை நன்றாக இருந்த ஆண்டுகளில் தஞ்சை ஜில்லா மிராசுதாரர் வீடுகளுக்குக் கார் வந்தது. பிறகு 1953-ல் தீர்வை ஆணையம், இந்தியாவிலேயே படிப்படியாகப் பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இனி இடம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் கடையைக் கட்டின. வெளிநாட்டுக் காரின் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றது. உள்ளூர்க் காருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கையில் இருக்கும் வண்டியை எப்படியாவது ஓட்டிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லாத ஒரு காலம் 30 ஆண்டுக்கு நீடித்தது. இதற்கு ஒரு ஒத்திகையும் ஏற்கெனவே நடந்திருந்தது: இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, பஸ்களின் பின்னால் உருளைக் கலத்தைக் கட்டி, அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். கம்பெனி கொடுத்ததை மாற்றினால்தான் வண்டி நகரும் என்ற பாடத்தை நம் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் அப்போதே படித்துவிட்டார்கள்.

அமெரிக்க வண்டியின் ஆறு சிலிண்டர் எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும். பண்ணையின் வருமானத்தில் அது பொருட்டில்லை. 1961-ன் நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். 1973-ல் உலக எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியது. பண்ணை வீட்டுப் பிளசர்கள் டாக்சிக்காரர்களின் கைக்கு மாறியதில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஏழு பேர் நெருக்காமல் உட்காரும் பெரிய கூடு, உடையாத சேஸிஸ். கல்யாணத்துக்கும் நவக்கிரகக் கோயில் சுற்றுவதற்கும் அதைவிட வசதி வேறு எது? எண்ணெய்ச் செலவு மட்டும் கட்டுப்படியாகவில்லை. சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி 1950களிலிருந்தே பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைத் தயாரித்துவந்தது. லாரிக்கும் டிராக்டருக்குமாகச் செய்த எஞ்சின், பிளிமத்தின் பானெட்டுக்குள் புகுந்தது இப்படித்தான்.

புகுந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். செய்துபார்த்தவர்களுக்குத்தான் அதில் உள்ள வேலை தெரியும். டீசல் எஞ்சினின் பின்முகமும் பழைய கியர் பாக்ஸின் முன்முகமும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. போல்ட் துளைகள் வேறு, வட்டத்தின் அளவு வேறு. நடுவில் கனமான இரும்புத் தகடு ஒன்றை லேத்தில் கடைந்து, ஒரு பக்கம் எஞ்சினின் துளைகளுக்கும் மறுபக்கம் கியர் பாக்ஸின் துளைகளுக்கும் ஒத்துப்போகும்படி செய்ய வேண்டும். எஞ்சினின் நடுக்கோடும் கியர் பாக்ஸின் நடுக்கோடும் மயிரிழை விலகினாலும் கிளட்ச் அதிரும், பேரிங் தேய்ந்து கியர் பாக்ஸ் சத்தம் போட்டே சாகும். அதோடு முடியாது. டீசல் எஞ்சின் கனம் அதிகம், முன்பக்க ஸ்பிரிங்கை வலுப்படுத்த வேண்டும். அதன் சுழற்சி வேகம் குறைவு, டிஃபரன்ஷியலின் பல் கணக்கை மாற்றாவிட்டால் வண்டி ஓட்டமெடுக்காது. 1950களின் நடுப்பகுதி வரை வந்த பிளிமத்துகளில் 6 வோல்ட் மின்சாரம். டீசலைக் கிளப்ப அது போதாது, 12 வோல்ட் பேட்டரி வைத்தால் பல்பு, ஹார்ன், டைனமோ எல்லாம் மாறியாக வேண்டும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் ஒன்பது முடிச்சு. இத்தனையையும் வரைபடம் இல்லாமல், கையேடு இல்லாமல், காலிப்பரும் கண்ணும் கொண்டு முடித்தார்கள். அந்த இரும்புத் தகடு உலகத்தின் எந்தக் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலிலும் கிடையாது. பழைய பெட்ரோல் எஞ்சினை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து மாட்டும் நாளில் முதலில் வீசப்படுவது அதுதான்.

கார்கள் குறைவான இந்த நெல் நாட்டில் இவ்வளவு கைத்திறன் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நியாயமானது. விடை வயலிலேயே இருக்கிறது. 1960-ல் தஞ்சை ஜில்லாவில் பேக்கேஜ் திட்டம் வந்தது. அதை ஒட்டி டிராக்டரும் பம்ப்செட்டும் பரவின. ஃபில்டர் பாயிண்ட் போட்டு நிலத்தடி நீர் இறைப்பது வழக்கமானது. அரைவை மில் முன்னரே இருந்தது. ஆயில் எஞ்சினுக்கு ஸ்லீவ் போட, மில்லின் தண்டைக் கடைய, பம்பின் புஷ் மாற்ற ஊருக்கு ஒரு லேத் பட்டறை தேவைப்பட்டது. குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை நடவு முடிவதற்குள் சரிசெய்து கொடுத்த கைதான் பிளசரையும் தொட்டது. அதனால் இங்கே மாற்றியமைத்த பழைய கார் ஒவ்வொன்றும் டெல்டா விவசாயத்தின் இயந்திர வரலாற்றையும் சேர்த்தே சுமக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார் என்று பேசினால் கதை வண்டலூர்ப் பக்கம் போகும். அங்கிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் தமிழ்நாட்டுப் பிறப்பு அது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் ஏறும் ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. ஆகவே தமிழ்நாட்டில் எங்கோ ஒரு கொட்டகையில் துருப்பிடித்து நிற்கும் ஹெரால்டு, உலகம் கொண்டாடும் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறப்பு. பொழுதுபோக்காக வண்டியைப் பிரித்துக் கோக்கிறவர்களுக்கு அதைவிட இணக்கமான கார் அமையாது. முன்பக்கத் தாழ்ப்பாள் இரண்டையும் விடுவித்தால் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். கூரையும் போல்ட் போட்டு இறுக்கியதுதான், கழற்றினால் திறந்த கார். இந்த வசதியே பல ஹெரால்டுகளுக்கு வினையாகவும் முடிந்தது. கூரையை எறிந்து, அகலச் சக்கரம் மாட்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்து, தன்னை ஸ்பிட்ஃபயர் என்று சொல்லிக்கொள்ளும் வண்டியாக மாறியவை உண்டு.

இந்த ஹெரால்டிலேயே ‘ஒரிஜினல்’ என்ற சொல்லின் சாயம் வெளுக்கிறது. இங்கிலாந்தின் ஹெரால்டு காருக்குக் கதவு இரண்டுதான். நம் குடும்பங்கள் பெரியவை. பின்சீட்டுக்கு முன்சீட்டை மடக்கி ஏற வேண்டியிருப்பதைப் பெரியவர்கள் ஏற்கவில்லை. 1960களின் இறுதியில் சென்னைத் தொழிற்சாலையே அதை நான்கு கதவு வண்டியாக மாற்றியது. உலகில் வேறெங்கும் அப்படி ஒரு ஹெரால்டு கிடையாது. அங்கே எஞ்சின் 1147 சி.சி., 1296 சி.சி. என்று வளர்ந்தபோது இங்கே கடைசி வரை 948 சி.சி.தான். 1972-ல் அதே தொழிற்சாலையிலிருந்து வந்த கெசல் கார், ஹெரால்டின் துள்ளும் பின் அச்சை விட்டுவிட்டு வழக்கமான உறுதியான அச்சுக்கு மாறியது. இவை எல்லாம் கம்பெனி செய்த மாற்றங்கள். சட்டத்தின் கண்ணில் அசல். கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ ஒரு பட்டறை அதே காலத்தில், அதே சாலைகளின் குண்டுகுழிக்காக, அதே அச்சை வலுப்படுத்தியிருந்தால் அது பெரும் மாற்றம். இரண்டு வேலைக்கும் காரணம் ஒன்று, காலம் ஒன்று, அறிவும் ஒரே வகைப்பட்டது. தலைப்புத்தாள் அச்சடித்த நிறுவனம் செய்தது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பந்தய உலகமும் இதற்குச் சாட்சி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்தில் அமைத்த விமான ஓடுபாதையில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் 1980களின் இறுதி வரை கூட்டத்தை இழுத்தன. அங்கே சீறிய ஹெரால்டும் ஃபியட்டும் அம்பாசிடரும் கடையில் வாங்கியபடி ஓடவில்லை. ஹெட்டைச் சீவி அழுத்தத்தை ஏற்றி, கார்ப்பரேட்டரைக் கூட்டி, சீட்டைப் பிடுங்கி எடையைக் குறைத்துத்தான் ஓடின. கோவையின் கரிவரதன் இந்த மண்ணில் கிடைத்த எஞ்சின்களை வைத்தே பந்தய வண்டிகளைக் கட்டினார்; மாருதி 800-ன் எஞ்சினைக் கொண்டு அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதியில் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் பழகினார்கள். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. சோழவரத்தில் ஓடிய ஒரு ஹெரால்டை எடுத்து யாராவது ‘கம்பெனி நிலைக்கு’ மீட்டால் அவர் மீட்டது எதை? அந்த வண்டியின் பெருமை முழுவதும் அதன் மாற்றங்களில் இருந்தது.

எதிர்வாதங்கள் உண்டு; அவற்றில் சில கனமானவை. தட்டுப்பாட்டில் வேறு வழியின்றிச் செய்த ஒட்டுவேலையைக் கலை என்று ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லாதபோதுதான் எல்லாக் கைத்தொழிலும் கூர்மைப்பட்டிருக்கிறது. மோசமான வேலையும் நடந்தது என்பது உண்மை. ஈயம் ஊற்ற வேண்டிய இடத்தில் பட்டி பூசி மூடியதையும், வயரிங்கைச் சணல்கட்டாக விட்டதையும் காப்பாற்றச் சொல்ல மாட்டேன். கோயில் திருப்பணியில் நல்ல கல்லையும் சிமென்ட் பூச்சையும் பிரித்துப் பார்க்கிறோம் அல்லவா, அந்தப் பார்வை இங்கும் வேண்டும்.

அடுத்தது, எந்த மாற்றத்தையும் ஏற்பதென்றால் நேற்று மாட்டிய அகலச் சக்கரமும் பாரம்பரியமாகிவிடுமே என்ற அச்சம். கோடு கிழிக்க முடியும். வண்டி பிழைப்புக்காகவும் பயணத்துக்காகவும் உண்மையாக ஓடிய காலத்தில் செய்த மாற்றம் ஒரு வகை. ஓட்டம் முடிந்து, அழகுப் பொருளான பிறகு செய்த மாற்றம் வேறு வகை. உலகப் பழங்கார் அமைப்பான ஃபீவா தன் வகைப்பாட்டில், உரிய காலத்திலேயே மாற்றப்பட்ட வண்டிகளுக்குத் தனி இடம் வைத்திருக்கிறது. பின்னாளில் மாற்றியவற்றை அதிலிருந்து பிரித்து வைக்கிறது. கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனம், ஒரு சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்தவை மதிக்கத்தக்கவை என்கிறது. நம் விதிகளில் இந்தப் பாகுபாடு ஒரே ஒரு துணைவிதியாக வந்தால் போதும்: பழைய பதிவுப் புத்தகத்திலோ புகைப்படத்திலோ 30, 40 ஆண்டுக்கு முந்தியது என்று நிரூபணமாகும் மாற்றத்தை வண்டியின் வரலாறாக ஏற்பது.

பாதுகாப்பு என்ன ஆவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1940களின் காரைக் கம்பெனி நிலைக்குக் கொண்டுபோனால் அதன் ஒற்றைக் குழாய் பிரேக்கும் திரும்பி வரும். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிடிப்பு போய்விடும். அசல் நிலைதான் பத்திரமான நிலை என்பது சரியான கணக்கில்லை. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். 1926-ல் எரிந்து, 1930-ல் புதிதாகச் செய்யப்பட்டு ஓடி, 1948-க்குப் பின் நின்றுபோன தேர் அது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகு 1970-ல் மறுபடி ஓடியது. முட்டுக்கட்டையை மட்டும் நம்பிய தேருக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் வந்ததால் அது ஆழித்தேர் இல்லை என்று எந்த அடியாரும் சொல்லவில்லை. வடத்தைப் பிடிக்க அன்றும் ஊரே வந்தது, இன்றும் வருகிறது.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்கவைத்த ஆட்சேபம் ஒன்று உண்டு. பிளசர் யாருடையது? மிராசுதாருடையது. அதன் நிழலில் நின்றவர்கள் பண்ணையாட்கள். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டார்கள். மேல்முறையீட்டில் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்த உயர்நீதிமன்றம், அவர்கள் நிலபுலம் உள்ள பணக்காரர்கள், ஒருவரிடம் காரும் இருந்தது, அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் எழுதியது. இந்த ஜில்லாவில் கார் என்பது என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிடக் கசப்பான ஆவணம் தேவையில்லை. அப்படியிருக்க, அந்த வண்டிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைப்பது எதற்கு என்று கேட்டால், கேள்வியின் நியாயத்தை ஏற்கிறேன். என் வாதத்துக்கு அதுவே பெரிய பலமும் ஆகிறது. கம்பெனி நிலைக்கு மீட்ட கார் இரண்டு பேரைத்தான் நினைவுபடுத்தும்: தயாரித்த கம்பெனி, வாங்கிய பண்ணையார். டீசல் எஞ்சினோடும், லேத்தில் கடைந்த தகட்டோடும், டாக்சியாக ஓடிய காலத்து வண்ணத்தோடும் நிற்கும் கார் மூன்றாவதாக ஒருவரையும் கூட்டி வருகிறது. கிரீஸ் படிந்த கையோடு நின்ற அந்த மெக்கானிக்கின் பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை; அவர் வேலை மட்டும் இரும்பில் இருக்கிறது. அதையும் கழற்றிவிட்டால் மிச்சமிருப்பது பண்ணையாரின் கார் மட்டுமே.

குத்தாலத்து உக்தவேதீசுவரர் கோயில், செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் திருப்பணி செய்த கோயில்களில் ஒன்று. காவிரிக் கரையின் பழைய தளிகளைக் கற்றளிகளாக மாற்றியவர் அந்த அரசி. குத்தாலத்துக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் இருக்கும் திருக்கோடிக்காவலில் அவர் கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டியபோது, அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடி பொறிக்கச் செய்தார். இது பழங்கல்லின் படி என்ற செய்தியும் அவற்றோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டது. மாற்றவும் செய்தார், முன்பு இருந்ததைப் பதிவாகவும் விட்டுவைத்தார். பழைய காரைக் கையில் எடுக்கிறவர்களிடம் அந்த அளவுக்கு ஒன்றைக் கேட்கிறேன். எஞ்சினை இறக்குவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். கழற்றும் தகடு, பிராக்கெட், பல்சக்கரம் எதையும் எடைக்குப் போடாதீர்கள். பெயரெழுதிக் கட்டி வண்டியோடு வையுங்கள். எந்த ஊர்ப் பட்டறை, யார் கை, எந்த வருஷம் என்று விசாரித்து எழுதுங்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் இருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இந்த வருஷமே போய்க் கேளுங்கள்.